வரம்பு முதலில், வடிவம் பிறகு: மருத்துவக் கருவிகளின் இடர் ஏற்புக்கான கொள்கைப் பிரகடனம்

மனித உடலைத் தொடும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஓர் ஒப்புதல் உறைந்திருக்கிறது. இவ்வளவு தீங்கு நேரலாம், இதற்கு மேல் நேரலாகாது என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாள் முடிவு செய்திருக்கிறார். இதயத்தில் தைக்கப்பட்ட வால்வில் அந்த முடிவு நாளுக்கு ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. பச்சிளங்குழந்தைக்கு மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்பில் அந்த முடிவு மயிரிழை மயிரிழையாக நகர்கிறது. முடிவெடுத்தவரை நோயாளி அறியார். நோயாளியை முடிவெடுத்தவர் அறியார். இடரை ஏற்பவர் ஒருவர், சுமப்பவர் மற்றொருவர் என்ற இந்த உறவே மருத்துவக் கருவி வடிவமைப்பின் கரு. அக்கருவை அறத்தின் ஆட்சிக்குள் கொண்டுவரப் பிறந்தது எங்கள் இயக்கம்.

நாங்கள் கருவிகளை வடிவமைப்போர், சோதிப்போர், பழுது நீக்குவோர். இரவுப் பணியில் அவற்றின் அலாரம் கேட்டு ஓடுவோர். அவற்றை உடலுக்குள் சுமந்து வாழ்வோர். தொழிலால் பிரிந்திருந்தோம், பொறுப்பால் ஒன்றானோம். பழைய ஒழுங்கு தன் காலத்தை முடித்துக்கொண்டது. கடுமைக்கு ஐந்து நிலை, நிகழ்வாய்ப்புக்கு ஐந்து நிலை என இருபத்தைந்து கட்டம் வரைந்து, பச்சைக் கட்டத்தில் விழுந்ததை மறந்துவிடலாம் என்று அது கற்பித்தது. கட்டம் பச்சையாயிற்று, மனசாட்சி ஓய்ந்தது. அதன் தோல்வியை வாதிட்டு நிறுவும் வேலை எங்களுக்கு இல்லை. அடுத்து வரும் காலத்தின் நெறியை வகுப்பதே எங்கள் வேலை.

இடரே இல்லாத கருவியை நாங்கள் கோரவில்லை. அறுக்காத கத்தி அறுவைக்கு உதவாது. சுடாத கதிர் புற்றை அழிக்காது. பயன் பிறக்கும் இடத்திலேயே தீங்கும் பிறக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் காணும் கண்ணுக்கே வடிவமைப்பின் உரிமை உண்டு. இடர் முற்றிலும் நீங்கும்வரை காத்திருப்போம் என்பவர் நோயாளியை நோயின் வசம் ஒப்படைக்கிறார். காத்திருப்பும் ஒரு செயல். அதற்கும் கணக்கு உண்டு. மதுரையில் 1992-இல் ஆரோலேப் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியபோது, இறக்குமதி லென்ஸின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்கள் கண்புரை அறுவைக்குப் பின்னும் தடித்த கண்ணாடிக்குள் மங்கிய உலகத்தோடு வாழ்ந்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியதும் லென்ஸ் ஏழையின் கண்ணுக்குள்ளும் சென்றது. கருவி இருப்பதால் வரும் தீங்கு கோப்பில் பதிவாகிறது. கருவி இல்லாததால் வரும் தீங்கு எந்தக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவோம். அஞ்சாமையின் பெயரால் வரும் அலட்சியத்தை மறுக்கிறோம்; பாதுகாப்பின் பெயரால் வரும் கோழைத்தனத்தையும் மறுக்கிறோம்.

ஏற்கத்தக்க இடரின் வரம்பு வடிவம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். இதுவே எங்கள் முதற்கொள்கை. ஏனையவை இதிலிருந்து கிளைக்கின்றன.

மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 14971, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2007-இலும் 2019-இலும் புதுப்பிக்கப்பட்டது. தீங்கின் நிகழ்வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்ததே இடர் என்று அது வரையறுக்கிறது. எந்த இடர் ஏற்கத்தக்கது என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லும் பொறுப்பை உற்பத்தியாளரின் தலைமையிடம் ஒப்படைக்கிறது. ஏற்புக்கான அளவுகோல் திட்டத்திலேயே இருக்க வேண்டும் என்றும், நிகழ்வாய்ப்பைக் கணிக்க முடியாத இடர்களுக்கும் அளவுகோல் வேண்டும் என்றும் கோருகிறது. எழுத்தில் இத்தனை தெளிவு இருந்தும் நடப்பில் வரிசை தலைகீழானது. அச்சு வார்க்கப்பட்டது, மென்பொருள் எழுதப்பட்டது, விற்பனைக்கு நாள் குறிக்கப்பட்டது. அதற்குப் பிறகே இடர்க் கோப்பு திறக்கப்பட்டது. முடிந்துபோன வடிவத்துக்கு ஏற்ப வரம்பு வளைந்தது. வளைந்த வரம்புக்கு ஏற்ப எண்கள் வளைந்தன. அந்த நிலையில் எழுதப்படுவதை வரம்பு என்று அழைக்க மாட்டோம். அது செய்து முடித்ததற்கான விளக்கம்.

எந்த விடை தமக்கு ஆதாயம் என்று தெரியாத வேளையில்தான் மனிதர் நேர்மையாக அளக்கிறார்கள். முதலீடு உள்ளே வருவதற்கு முன், பெருமிதம் உள்ளே வருவதற்கு முன், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற எண்ணம் உள்ளே வருவதற்கு முன், வரம்பு உள்ளே வர வேண்டும். சோதனையில் வரம்பு மீறப்பட்டால் வடிவம் மாற வேண்டும். வரம்பையே மாற்ற நேர்ந்தால், மாற்றியவர் யார், மாற்றச் சொன்ன புதிய அறிவு எது என்பவை அதே பக்கத்தில் நிற்க வேண்டும். இரகசியமாக நகரும் வரம்பு எதையும் காப்பதில்லை.

அறியாமையை எண்ணாக எழுதும் வழக்கத்தை ஒழிப்போம். தெராக்-25 என்ற கதிர்சிகிச்சைக் கருவியை உருவாக்கியது கனடா அரசுக்கு உரிய அணுசக்தி நிறுவனம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அறியப்பட்ட ஆறு விபத்துகளில் அது நோயாளிகள்மீது அளவு கடந்த கதிரைப் பாய்ச்சியது. டெக்சஸ் மாநிலத்தில் ஒருவர் உடலில் பாய்ந்தது, மருத்துவர் எழுதிய அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. 1983-இல் நடந்த பாதுகாப்பு ஆய்வோ, கணினி தவறான முறையைத் தேர்வதற்கான வாய்ப்பை நூறு கோடியில் நான்கு என்று குறித்திருந்தது. அந்த எண்ணுக்கு அடித்தளம் எதுவும் காட்டப்படவில்லை. மென்பொருளின் உள்ளே ஒளிந்திருக்கக்கூடிய பிழைகள் ஆய்வின் எல்லைக்குள் வரவே இல்லை. டெக்சஸ் விபத்துக்குக் காரணமான மென்பொருள் பிழை முந்தைய கருவியான தெராக்-20-இலும் இருந்தது. ஆனால் தெராக்-20-இல் மென்பொருளை நம்பாத தனிப் பூட்டுகள் இருந்தன. தெராக்-25-இல் அந்தக் காவலை மென்பொருளிடமே விட்டிருந்தார்கள். அங்கே ஃப்யூஸ் எரிந்தது. இங்கே மனிதர் எரிந்தார்.

ஒன்பது பூஜ்யங்களைக் கண்டு ஓர் அறை முழுவதும் அமைதியடைந்த அந்தத் தருணத்தையே நாங்கள் பழைய ஒழுங்கின் முகமாகக் கருதுகிறோம். எண் துல்லியமாக இருந்தது, அறிவு இல்லாதிருந்தது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304 தரம் 2006-இல் ஒரு நேர்மையான நெறியைத் தந்தது: மென்பொருள் தவறுவது உறுதி என்றே கொள்க, தவறினால் விளையும் தீங்கின் கடுமையைக் கொண்டே முடிவு செய்க. அந்த நெறியை மென்பொருளுக்கு அப்பாலும் விரிப்போம். தரவு உள்ள இடத்தில் எண் பேசட்டும். தரவு இல்லாத இடத்தில் கடுமை பேசட்டும். 'அரிது' என்ற சொல்லுக்குப் பின்னால் எண்ணப்பட்ட நிகழ்வுகள் இல்லையென்றால், அச்சொல்லுக்கு எங்கள் கோப்பில் இடம் இல்லை.

வடிவத்தால் நீக்கக்கூடிய இடரை லேபிளால் ஏற்க மாட்டோம். இக்கொள்கையில் எங்களிடம் தளர்வு கிடையாது. அறுவை அரங்கில் பணிபுரியும் எவரும் பின் இண்டெக்ஸ் ஏற்பாட்டை அறிவர். ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் உள்ள துளைகள் 2, 5 என்ற இடங்களில் இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரில் 3, 5. மயக்க மருந்து இயந்திரத்தில் அதற்குரிய முனைகள் அதே இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. களைத்த ஊழியரும் மாற்றி மாட்ட முடியாது, புதிய ஊழியரும் மாற்றி மாட்ட முடியாது, விளக்கு அணைந்த அறையிலும் மாற்றி மாட்ட முடியாது. எச்சரிக்கை வாசகம் கவனத்தை வேண்டி நிற்கிறது. வடிவம் யாரையும் எதையும் வேண்டாமல் காக்கிறது.

இதே அறிவு சிரிஞ்சின் முனைக்கு வந்து சேர பல பத்தாண்டுகள் ஆயின. லூயர் என்ற ஒரே வகை இணைப்பு, ரத்த நாளத்துக்குச் செல்லும் குழாயிலும் பொருந்தியது, வயிற்றுக்கு உணவு செல்லும் குழாயிலும் பொருந்தியது, முதுகுத்தண்டுக்குள் நுழையும் ஊசியிலும் பொருந்தியது. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தியதே வசதியாகக் கருதப்பட்டது. உணவு ரத்தத்தில் கலந்தது. ரத்த நாளத்துக்கு மட்டுமே உரிய வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து தண்டுவட நீருக்குள் சென்றது. அப்படிச் சென்ற இடங்களில் பெரும்பாலும் மரணமே விளைந்தது. ஒவ்வொரு முறையும் செவிலியரும் இளம் மருத்துவரும் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டார்கள். குப்பியில் எச்சரிக்கை எழுத்து பெரிதாக்கப்பட்டது. பயிற்சி வகுப்பு நடத்தப்பட்டது. இணைப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஐ.எஸ்.ஓ. 80369 வரிசையில் உணவுக் குழாய்க்கும் தண்டுவட ஊசிக்கும் தனித்தனி இணைப்புகள் 2016-இல் வந்தன. ஒன்றோடொன்று பொருந்தாமையே அவற்றின் பாதுகாப்பு. இத்தனை ஆண்டுகள் அந்த இடரை ஏற்றவர்கள் கையில் பிளாஸ்டிக் அச்சும் இருந்தது, அறிவும் இருந்தது; ஏற்பதற்கு உரிமை மட்டும் இருக்கவில்லை.

ஆகவே எங்கள் வரிசை மாறாதது. தீங்கை வடிவத்திலேயே இல்லாமற் செய்வது முதலாவது. அது இயலாவிடில் காப்பும் அலாரமும். அவையும் போதாவிடில் மட்டுமே எச்சரிக்கையும் பயிற்சியும். தரமும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. அதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிய பழக்கத்தையே நாங்கள் உடைக்கிறோம். கடைசிப் படியில் நிற்கும் ஒவ்வொரு இடருக்கும், மேற்படிகள் ஏன் அடைபட்டன என்ற காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் எட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது எந்த ஒலிக்கும் பொருள் இல்லாமற் போகிறது. அலாரத்தை வைத்துவிட்டு இடரைக் குறைத்துவிட்டோம் என்று எழுதும் பேனா, அந்த வார்டில் ஓர் இரவு முழுவதும் நின்ற பிறகே எழுதட்டும்.

ஓர் இடரைக் குறைக்கும் கை மற்றோர் இடரைப் படைக்கக்கூடும். பியோர்க்-ஷைலி இதய வால்வின் குவிகுழி வடிவம் ரத்தக்கட்டு உண்டாவதைக் குறைக்கும் நோக்கத்தோடு உருவானது. 1979-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 1986-இல் சந்தையிலிருந்து விலகியது. இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேரின் இதயத்தில் அது அமர்ந்துவிட்டது. வால்வின் வட்டைத் தாங்கிய கம்பிகளுள் ஒன்று வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்தப் பற்றவைப்பு சிலரிடம் முறிந்தது. முறிந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் இறந்தனர். முறியாத வால்வைச் சுமந்தோர் முன் நின்றது கொடிய கேள்வி: முறியலாம் என்ற அச்சத்தோடு வாழ்வதா, மாற்று அறுவை தரும் மரண வாய்ப்பை ஏற்பதா? நல்ல நோக்கத்தில் பிறந்த ஒரு மாற்றம் அந்தக் கேள்வியை அவர்களுடைய மார்புக்குள் வைத்துத் தைத்துவிட்டது.

அதே ஆண்டுகளில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஓர் இந்திய வால்வு உருவாகிக்கொண்டிருந்தது. மூன்று வடிவங்கள் தோற்றன; மூன்றும் கைவிடப்பட்டன. நான்காவது வடிவத்தில் வட்டு மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. கூடு ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டது, அதில் பற்றவைப்பே இல்லை. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது, பின்னர் டி.டி.கே. குழுமத்தின் வழியாகப் பல்லாயிரம் இதயங்களை அடைந்தது. மூன்று முறை 'இல்லை' என்று சொல்லத் துணிந்த நிலையமே நான்காம் முறை 'ஆம்' என்று சொல்லத் தகுதி பெற்றது. மறுக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் ஏற்புக்கும் மதிப்பு இல்லை. நாட்டுப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை; முறைமையின் மாட்சிக்காகச் சொல்கிறோம்.

ஏற்பு என்றென்றைக்குமான உடன்படிக்கை ஆகாது. ஒவ்வொரு ஏற்புக்கும் காலாவதி உண்டு. புதிய அறிவு வரும் கணமே பழைய ஏற்பு முறிகிறது. அமெரிக்காவின் கைடன்ட் நிறுவனம், உடலுக்குள் பொருத்தும் தன் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றில் மின்கசிவு நேரக்கூடிய குறையை 2002-இல் அறிந்தது. புதிதாகச் செய்தவற்றில் அதைத் திருத்தியது. முன்பே செய்து வைத்தவை தொடர்ந்து விற்பனையாயின; உடலுக்குள் ஏற்கெனவே இருந்தவற்றைப் பற்றி மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 2005 மார்ச்சில் அந்தக் கருவியைச் சுமந்த ஒரு கல்லூரி மாணவர், அது பழுதானதால் இறந்தார். அவரது மருத்துவர்கள் மௌனத்துக்கு உடன்படாததால் உண்மை வெளிவந்தது. ஏறத்தாழ 24,000 பேர் பழைய வடிவத்தைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பழுது நேர்வது மிக அரிது, கருவியை மாற்றும் அறுவையே கூடுதல் ஆபத்து என்பது நிறுவனத்தின் வாதம்.

அந்த வாதத்தை நாங்கள் மிகுந்த கவனத்தோடு பார்க்கிறோம். ஏனெனில் கணக்களவில் அது சரியாகவே இருக்கக்கூடும். சிலருக்கு மாற்று அறுவை உண்மையிலேயே பெரிய ஆபத்து. ஆனால் கணக்கு சரியாக இருப்பதால், கணக்கிடும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் உரியதாகிவிடாது. ஒருவருக்கு இதயம் வலுவாக இருக்கும், அவர் காத்திருக்கலாம். மற்றொருவருக்கு அந்தக் கருவியின் ஒரு மின்னதிர்ச்சியே உயிர். அவர் காத்திருக்க முடியாது. சராசரியை அறிந்தது நிறுவனம். தனியாளை அறிந்தவர் மருத்துவர். தன்னை அறிந்தவர் நோயாளி. மூவரின் அறிவும் சேரும் இடத்திலேயே ஏற்பு நிகழ வேண்டும். வடிவத்தைத் திருத்திய நாளிலேயே பழைய வடிவத்தின்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பை நோயாளியிடமிருந்து மறைப்பதை நாங்கள் இடர் ஏற்பு என்று கருதுவதில்லை; அதை வஞ்சனை என்றே குறிப்போம். நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 29 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. பணம் கட்டிய பிறகும் கேள்வி தீரவில்லை: தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையே இருந்த ஆண்டுகள் யாருக்குச் சொந்தம்? நோயாளிக்கே என்பது எங்கள் விடை.

இடரின் அளவைக் கேட்பவர்கள் இடரின் பங்கீட்டையும் கேட்க வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலின் தோல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடுகிறது. 1990-இலேயே மருத்துவ இதழ்கள் இதைச் சுட்டின. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அதை எண்களில் நிறுத்தியது: கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டிய வேளைகளில், ரத்தத்தின் உண்மைச் செறிவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அமெரிக்காவின் மருந்து, கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் தந்த வழிகாட்டுதலின்படி, பத்துப் பேரைக் கொண்டு சோதித்தால் அவர்களில் அடர்நிறத் தோல் உடையவர் இருவர் இருந்தால் போதும். சராசரிப் பிழை வரம்புக்குள் அடங்கியது. அந்தச் சராசரிக்குள் ஒரு கூட்டத்தின் மூச்சுத்திணறல் அடங்கிப்போனது.

கொரோனா காலத்தில் நம் வீடுகளில் தனித்திருந்தவர்கள் விரலில் மாட்டிக்கொண்டதும் இதே வகைக் கருவிதான். மருத்துவமனைக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதை அந்தச் சிறு திரையின் எண் தீர்மானித்தது. கருமையும் மாநிறமும் இந்த மண்ணின் இயல்பு நிறங்கள். எங்கள் தோலைச் சேர்க்காமல் பெற்ற துல்லியத்தை எங்களுக்கான துல்லியமாக ஏற்க மறுக்கிறோம். ஏற்கத்தக்கது என்று ஒருவர் எழுதும்போது, யாருடைய உடலில் ஏற்கத்தக்கது என்பதையும் எழுத வேண்டும். முதியவரின் எலும்பு, குறைமாதக் குழந்தையின் தோல், ரத்தச் சோகை கொண்ட தாயின் விரல் ஆகியவை விதிவிலக்குகளாக ஒதுங்கியது போதும். இனி அவற்றிலிருந்தே அளவீடு தொடங்கட்டும்.

உடலைப் போலவே இடமும் பேசும். குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், இருவருக்கு ஒரு செவிலியர் உள்ள வார்டில் ஏற்கத்தக்கதாக இருந்த இடர், மின்னழுத்தம் ஏறி இறங்கும் வட்ட மருத்துவமனையில் வேறோர் இடராகிறது. அங்கே பேட்டரி உயிர் இழந்திருக்கும். கையேடு அந்நிய மொழியில் இருக்கும். ஒருமுறை பயன்படுத்த வேண்டிய குழாய் மீண்டும் கழுவப்பட்டுக் காத்திருக்கும். இவற்றைத் 'தவறான பயன்பாடு' என்று தள்ளிவிட்ட காலம் முடிந்தது. முன்கூட்டியே காணக்கூடிய தவறு வடிவமைப்பாளரின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

கண்டறிய முடியாத நோயாளியின்மேல் எந்த இடரையும் ஏற்க எவருக்கும் அதிகாரம் இல்லை. டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். உலோக இடுப்பு மூட்டு, ஐந்தாண்டுகளுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்படும் நிலையில் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலகில் 93,000 பேர் அளவில் அதைச் சுமந்திருந்தார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகள் நடந்திருந்தன. 2017-இல் நடுவண் அரசு நிபுணர் குழுவை அமைத்து விசாரித்தபோது, அவர்களில் பெரும்பான்மையோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. உலோகத் துகள் உடலில் கரைய, பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் அவர்கள் இந்த நாட்டின் தெருக்களில் நடந்தார்கள். தகவல் போய்ச் சேர வழியில்லாத இடத்தில் 'நோயாளிக்குத் தெரிவிப்போம்' என்ற உறுதிமொழி வெற்றுக் காகிதம். இந்தியாவில் கருவிகளால் விளையும் தீங்கைத் திரட்டும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015-இல் தொடங்கியது; மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கதவு திறந்திருக்கிறது. அதன் வழியே உண்மைகளை ஊர்வலமாக அழைத்துச் செல்வது எங்கள் பணி.

விலையைப் பற்றியும் எங்கள் நிலைப்பாடு தெளிவானது. நியாயமாக இயன்ற அளவுக்கு இடரைக் குறைத்தால் போதும் என்ற கோட்பாடு ஒருபுறம். பயனைக் கெடுக்காமல் இயன்ற மட்டும் குறைத்தே ஆக வேண்டும் என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை மறுபுறம். இந்த விவாதத்தில் நாங்கள் நோயாளியின் பக்கம் நிற்கிறோம். அதனாலேயே இரு வாதங்களையும் அப்படியே விழுங்க மாட்டோம். விலை, எளியவரின் அணுகலுக்காகப் பேசலாம். இலாபத்தின் அகலத்துக்காகப் பேசலாகாது. ஒரு காப்பைச் சேர்த்தால் கருவி பத்து மாவட்டங்களுக்கு எட்டாமற் போகும் என்றால், அதை நோயாளிகளும் இருக்கும் அவையில் சொல்லட்டும், நாங்கள் செவிகொடுப்போம். மூடிய அறையில் கூறப்படும் விலைவாதத்துக்கு எங்கள் செவி இல்லை.

ஏற்பவருக்குப் பெயர் வேண்டும். 'குழு ஏற்றது', 'துறை ஏற்றது', 'நடைமுறைப்படி ஏற்கப்பட்டது' என்ற செயப்பாட்டு மொழிக்குள் பொறுப்பு கரைந்துபோனது. இனி ஒவ்வொரு எஞ்சிய இடருக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருக்கும். அவருக்கு 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் இருக்கும். அப்படிச் சொன்னதற்காக வேலை இழக்காத காப்பும் இருக்கும். உடன்படாதவரின் கருத்து, உடன்பட்டவரின் கருத்துக்குப் பக்கத்திலேயே பதிவாகும். அந்த அவையில் செவிலியர் இருப்பார், பழுது நீக்கும் உயிர்மருத்துவப் பொறியாளர் இருப்பார், அக்கருவி வகையைச் சுமந்து வாழும் ஒருவர் இருப்பார். அவர்கள் அழகுக்கு அமர்த்தப்பட்ட விருந்தினர் அல்லர். அவர்களுடைய மறுப்பு ஒன்றே ஒரு வடிவத்தை வரைபலகைக்குத் திருப்பி அனுப்பும்.

பணி தொடங்கிவிட்டது. எங்களுள் உற்பத்தியாளராக இருப்போர், தம் கருவியின் எஞ்சிய இடர்களை வார்டில் உள்ள எவரும் படிக்கத்தக்க தமிழில் எழுதிக் கருவியோடு அனுப்புவார்கள். எங்களுள் மருத்துவமனைகளில் இருப்போர், தீங்காக முடியாமல் தப்பிய நிகழ்வுகளையும் மெட்டீரியோவிஜிலன்ஸ் மையங்களுக்கு அறிவிப்பார்கள்; தப்பியதே அடுத்த விபத்தின் முன்னறிவிப்பு என்பதை அவர்கள் அறிவார்கள். எங்களுள் கருவியைச் சுமப்போர், தம் கருவியின் பெயரையும் வரிசை எண்ணையும் கேட்டுப் பெறுவார்கள்; தர மறுக்கும் மருத்துவமனை வாசலில் தனியாக நிற்க மாட்டார்கள்.

இப்பிரகடனத்தில் இணைய விரும்பும் வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் கையொப்பத்துக்குக் கீழே மூன்று வரிகள் எழுத வேண்டும்: தாம் ஏற்ற ஓர் இடர், அதை ஏற்றதற்கான காரணம், அதை மீண்டும் ஆராயப்போகும் நாள். அம்மூன்று வரிகளும் இல்லாத கையொப்பத்தை நாங்கள் பெற்றுக்கொள்ள மாட்டோம்.